சாமைக்குள் வைத்த மடிக்கணினி

மடிக்கணினிக்குள் மூடுபனி புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, மனதார நம்பினேன். கொல்லிமலையில் மழைக்காலத்துப் பனி யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. காயப்போட்ட சட்டைக்குள் வரும், தீப்பெட்டிக்குள் வரும், உப்பு டப்பாவைத் திறந்தால் நமக்கு முன்பே உள்ளே இருக்கும். அப்படிப்பட்டது மடிக்கணினியின் ஏதோ ஓர் ஓட்டை வழியாக நுழைந்து, திரைக்குப் பின்னால் காலை நீட்டிப் படுத்துவிட்டது. அதனால்தான் திரை சில நேரம் எரிகிறது, சில நேரம் எரிய மறுக்கிறது. இதுதான் என் கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தவன் பட்டம் வாங்கியவன், அரசு அலுவலகத்தில் எழுத்தர், வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

அலுவலகத்தில் நான் கொஞ்சம் நக்கல் பேர்வழி. யாருடைய கணினி நின்றாலும், “எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறவன். ஆகவே என் மடிக்கணினி நின்றபோது எனக்கு ஆறுதல் சொல்ல அங்கே ஒருவரும் மிச்சமில்லை. ஒருவர் மட்டும் மேசைமேல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்.

திரை எரியாதது பெரிய விஷயமில்லை. அது எரியாமல் போன வாரம்தான் விஷயம். மலைக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. மனைவியும் மகளும் கீழே சேந்தமங்கலத்தில். சனிக்கிழமை இறங்குவேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏறுவேன். வாரம் முழுக்கக் கணக்கில் வந்த சந்தேகங்களை மகள் சேர்த்து வைத்திருப்பாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் நோட்டை விரித்துவிடுவாள். அடுத்த வருடம் அவள் பத்தாம் வகுப்பு. அந்த வாரம்தான் எங்கள் துறையில் இணையவழி இடமாறுதல். காலியிடங்களின் பட்டியல் வரும், வேண்டியதைத் தொட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் அழுத்துகிறவருக்கு இடம். வெள்ளிக்கிழமை மாலையோடு பக்கத்தை மூடிவிடுவார்கள். சேந்தமங்கலத்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் மழை பிடித்தது. மலைப்பாதையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் மண்ணும் மரமுமாகச் சரிந்து, பஸ் நின்றுவிட்டது. இன்னொரு மரம், அலுவலகத்துக்கு வரும் இணையக் கம்பியின் மேல் விழுந்தது. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் பட்டியல் பாதிதான் தெரியும். பொத்தான் திரைக்கு வெளியே எங்கோ நின்றுகொண்டிருக்கும். ஆக, பாதை இல்லை, அலுவலகக் கணினி இல்லை, போன் உதவாது. மிச்சம் இருந்தது என் மடிக்கணினி. அதற்குப் பனி பிடித்துவிட்டது.

நான் வாடகைக்கு இருப்பது மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான ஆலத்தூர் நாட்டில் ஒரு விவசாயியின் வீட்டை ஒட்டிய ஒற்றை அறை. அந்த அறையில் போனுக்கு சிக்னல் கிடைப்பது கிழக்கு ஜன்னலின் அருகே மட்டும். ஜன்னலுக்குக் கீழே வீட்டுக்கார அக்காவின் தையல் மெஷின் கிடக்கிறது. அதன் பலகைதான் என் மேசை. பலகையில் மடிக்கணினியை வைத்தால் ஒரு தம்ளர் வைக்கக்கூட இடம் இருக்காது. ஜன்னல் திண்டு முழுக்கச் சாரல். அதனால் போனை மடிக்கணினியின் மேலேயே, எழுத்துப் பொத்தான்களுக்குக் கீழே இடது மூலையில் வைத்து, அதிலிருந்து இணையத்தை எடுத்துக்கொள்வேன். பல மாதமாக அப்படித்தான். போனும் பத்திரமாக இருக்கும். அதிலும் முந்தின ஞாயிறுதான் மனைவி அதற்குப் புத்தம்புது உறை வாங்கித் தந்திருந்தாள். புத்தகம்போல மடங்கி, டப்பென்று தானாக மூடிக்கொள்ளும் உறை.

“இனியாச்சும் கீழ போட்டு ஒடைக்காம இருங்க” என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினாள்.

திங்கட்கிழமை மாலை மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். மடிக்கணினியைத் திறந்தேன், எரிந்தது. போனை எடுத்து வைத்தேன். விசிறியின் முனகல் அடங்கியது, திரை கறுத்தது. பொத்தானை அழுத்தினேன், கறுப்பு. அழுத்திப் பிடித்தேன், கறுப்பு. முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, “என்ன கண்ணு, என்னாச்சு” என்று கேட்டும் பார்த்தேன். அதற்குள் மழை விட்டது. மனைவியிடம் பேசலாம் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

“ஏனுங்க, போட்டாச்சுங்களா?”

“இல்ல. ஸ்கிரீன் போயிருச்சு.”

“போயிருச்சுன்னா? எங்க போச்சு?”

திரும்பிப் பார்த்தால் திரை வெளிச்சமாக நிற்கிறது. “வந்துருச்சு, வந்துருச்சு, வெச்சிர்றேன்” என்று ஓடினேன். மறுபடி தூறல். போனை அதனிடத்தில் வைத்தேன். கறுப்பு.

மழை நின்றால் எரிகிறது. மழை வந்தால் அணைகிறது. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? மழை நிற்கும்போதெல்லாம் நான் போனோடு வாசலில் நின்றேன், மழை வரும்போதெல்லாம் போனோடு உள்ளே ஓடிவந்தேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பனிதான். தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காளப்பநாயக்கன்பட்டியில் கணினி பழுது பார்க்கிற கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“ஏனுங்க சார், ஸ்கிரீன்ல இப்ப என்னங்க தெரியுது?”

“இப்ப... நல்லாத்தான் தெரியுது.”

“அப்பறம் என்னங்க பிரச்சன?”

“இல்ல, இதுக்கு முன்னாடி தெரியல.”

“சரிங்க. மறுபடி போனா கூப்பிடுங்க.”

போனை வைத்தேன். போயிற்று. கூப்பிட்டேன்.

“இப்ப என்னங்க தெரியுது?”

“வந்துருச்சு.”

மூன்றாவது முறை அவர் எடுத்தவுடனே, “வந்துருச்சுங்களா?” என்றார். வந்திருந்தது. “சார், நீங்க எங்கூடப் பேசிட்டே இருந்தா அது நல்லா இருக்குது பாத்தீங்களா. அப்படியே பேசிட்டே வேலையப் பாருங்க. நமக்கும் கடையில ஆளில்ல” என்றார்.

கிண்டலாகச் சொன்னாலும் யோசனை நல்ல யோசனை. என்ன செய்ய, எங்கள் பக்கம் போனில் பேச்சு ஓடும்போது இணையம் நின்றுவிடும். பேசினால் திரை இருக்கிறது, இணையம் இல்லை. வைத்தால் இணையம் இருக்கிறது, திரை இல்லை. எலிப்பொறிக்குள் எலி இருக்குமே, அதற்காவது ஒரு தேங்காய்ச் சில்லு கிடைக்கும்.

கடைக்காரரிடம் பனியைப் பற்றிச் சொன்னேன். “ஈரம்னா அரிசிக்குள்ள வெக்கச் சொல்லுவாங்க, போனுக்கு. லேப்டாப்புக்குத் தெரியலீங்க” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

என்னிடம் அரிசி ஒரு வேளைக்குத்தான் இருந்தது. பாதை அடைத்ததால் கடையிலும் தீர்ந்துவிட்டது. அக்கா வீட்டில் இருந்தது சாமை. ஒரு பிளாஸ்டிக் பேரல் நிறைய, அந்த வருடத்து அறுவடை. புதன்கிழமை காலை, வெள்ளி வரைக்கும் விடுப்புச் சொல்லிவிட்டு, மடிக்கணினியை என் வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தார். வீட்டுக்கார அண்ணன் மூங்கில் தட்டி ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு கவலை. சரிவு விழுவதற்கு முந்தின நாள்தான் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பிடுங்கிக் குவித்திருந்தார். லாரி மேலே வர வழியில்லை. பிடுங்கிய கிழங்கு சில நாளில் உள்ளே கறுத்துவிடும், ஜவ்வரிசி ஆலைக்காரர் வாங்க மாட்டார்.

“அக்கா, இத இன்னிக்குப் பூரா சாமைக்குள்ள வெச்சிக்கட்டுங்களா?”

அக்கா வேட்டியைப் பார்த்தார். “கொழந்தையா சார்?”

“லேப்டாப்புங்க. பனி பிடிச்சிருச்சு.”

“பனியா? எங்களுக்கெல்லாம் பிடிக்காம அதுக்கு மட்டும் எப்படிப் பிடிச்சுது?”

“அது மெஷினுங்க்கா, தாங்காது.”

அண்ணன் திரும்பாமலே கேட்டார்: “உள்ள வெச்சா முளைக்குமா?”

நானே பேரலுக்குள் கையை விட்டுப் பள்ளம் பறித்து, மடிக்கணினியைக் கிடத்தி, மேலே சாமையை வாரி மூடினேன். குழிக்குள் எதையோ இறக்கி மண் தள்ளுகிற மாதிரி இருந்தது. அக்கா பக்கத்தில் நின்று, “பாலு கீலு தெளிக்கணுங்களா சாமி?” என்று கேட்டார். வழக்கமாக இந்த வசனமெல்லாம் என்னுடையது.

அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அறைக்கும் அக்கா வீட்டுக்குமாக நடந்தேன். மழையில் மலை சுருங்கிவிடும். எதிரில் இருக்கும் சரிவு போய்விடும், பிறகு பலா மரம் போய்விடும், கடைசியில் வேலிப்படல் வரைக்கும்தான் உலகம். சேந்தமங்கலம் என்று ஓர் ஊர் இருப்பதே சந்தேகமாகிவிட்டது. மனைவி இரண்டு தரம் அழைத்தாள்.

“போட்டாச்சுங்களா?”

“காயுது.”

“என்ன காயுது?”

“நாளைக்குச் சொல்றேன்.”

“பாப்பா கேக்குறா, இந்த வாரம் வருவீங்களான்னு. ரோடு இல்லன்னு சொன்னேன். சரி, அடுத்த வருசம் தெனமும் இங்கதான இருப்பாரு, அப்பக் கேட்டுக்கறேங்கறா.”

“சாப்ட்டியா” என்று கேட்டேன்.

பொழுது இறங்கும் நேரத்தில் தோண்டி எடுத்தேன். மடிக்கணினியைச் சுற்றியிருந்த வேட்டியை அக்கா முன்னால் அவிழ்த்து, அங்கேயே திறந்தேன். திரை பளீரென்று எரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன், அண்ணனைப் பார்த்தேன். வென்றவன் பேசக் கூடாது. போன் அறையில் சார்ஜில் கிடந்தது.

அறைக்கு வந்து, தையல் மெஷின்மேல் வைத்து, போனை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன்.

கறுப்பு.

அதோடு, சாமை மிகச் சின்னத் தானியம். வேட்டியை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வழி கண்டுபிடித்துவிடும். எழுத்துப் பொத்தான்களை அழுத்தினால் முறுக்குக் கடிப்பதுபோலச் சத்தம் வந்தது. இப்போது என்னிடம் இருந்தது திரையும் எரியாத, பொத்தானும் இறங்காத ஒரு மடிக்கணினி. கவிழ்த்துத் தட்டினால் கைப்பிடி சாமை கொட்டியது. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “அதப் பொறுக்கி வைங்க சார், ஒரு வேளைக்கு ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பனிக் கட்சி தோற்றுவிட்டது. வியாழக்கிழமை வேறு கட்சிக்குத் தாவினேன். இணையத்தில் இணைக்கும்போதுதானே திரை போகிறது? அப்படியென்றால் அந்த இடமாறுதல் பக்கம்தான் காரணம். நான் இறங்குவதில் யாருக்கோ விருப்பமில்லை. யாருக்கு என்று யோசித்தேன். மேலதிகாரியில் தொடங்கி மலை வரைக்கும் வந்துவிட்டேன். உண்மையாகவே, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, இந்த மலைக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுத்தர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலை என்ன செய்யும் என்று கேட்க ஆளில்லை. கேட்கிற ஆள் நான்தான். நான் பயத்தில் இருந்தேன். அன்றைக்குப் போனை அவ்வப்போது சற்று அப்படி இப்படி நகர்த்தியிருப்பேன் போல. இரண்டு மூன்று தரம் திரை தானாக வந்தது, பக்கம் பாதி திறந்தது, கை பட்டதும் போயிற்று. அது இன்னும் மோசம். முழுசாகச் செத்திருந்தால் அழுது முடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் சிக்னலும் படுத்துவிட்டது. ஜன்னலோரம் வைத்தும் ஒரு கோடு வருகிறது, மறைகிறது. அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

“மேல தூக்கிப் பிடிச்சா வருமுங்க. நம்ம பையன் எடப்புளி நாட்டுல இருந்து கூப்பிட்டா நான் பரண் மேல ஏறித்தான் பேசறது.”

“நான் தூக்கிப் பிடிச்சா யாருங்க டைப் அடிக்கறது?”

“இவ பிடிப்பா” என்று பின்னால் வந்து நின்ற அக்காவைக் காட்டினார்.

அக்கா ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, போனை ஜன்னலுக்கு மேலே கூரைச் சந்து வரைக்கும் உயர்த்திப் பிடித்தார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். எரிந்தது. அணையப் போகிறது என்று காத்திருந்தேன். அணையவில்லை. இணையம் வந்தது. அணையவில்லை. பக்கம் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்க ஆரம்பித்தது. நான் மூச்சை இழுத்துவிடவே பயந்தேன்.

“அக்கா, அசையாதீங்க. ஒங்க கைராசிதான்.”

“கை வலிக்குதுங்க சார்.”

“இன்னுங் கொஞ்சம். போனுக்கு ஒரு நம்பர் வரும், அதப் படிச்சுச் சொல்லுங்க.”

“வந்துருக்குது. அஞ்சு... எட்டு... அட, இந்த மூடி வந்து விழுந்து மறைக்குது. சும்மா சும்மா ஒட்டிக்குது இது.”

“ஒரு விரலால தள்ளிப் பிடிங்க்கா.”

“எத்தன விரலுங்க இருக்குது எனக்கு. அஞ்சு, எட்டு, ஒண்ணு, அப்பறம் ரெண்டு சைபரு.”

எண்ணை அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் சாமை கறுக்கென்றது. பட்டியல் திறந்தது. மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். இரண்டு ஊர்கள் மிச்சமிருந்தன. இரண்டும் சேந்தமங்கலத்துக்கு இந்த மலையைவிட வெகு தூரம். சேந்தமங்கலம் இல்லை.

பக்கத்தை மறுபடி வரவழைத்தேன். அக்கா முக்காலிமேல் ஒரு கையை மாற்றி இன்னொரு கையால் பிடித்தார். மறுபடியும் அதே இரண்டு ஊர்கள்.

“கெடச்சிருச்சுங்களா சார்?”

“இல்லீங்க்கா. வேற யாரோ எடுத்துட்டாங்க.”

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரை ஒரு சிமிட்டுக்கூட இல்லாமல், கல்யாண வீட்டு விளக்குப்போல எரிந்துகொண்டிருந்தது.

“அப்பக் கைய எறக்கிக்கட்டுங்களா?” என்று கேட்டார் அக்கா.

மனைவியிடம் சொன்னேன். “சரி விடுங்க” என்றாள். பின்னால் மகள் என்னவோ கேட்பது கேட்டது. மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை வெயில் அடித்தது. பாதையில் மண்ணை அள்ளிவிட்டார்கள் என்று சொன்னார்கள். லாரி முக்கிக்கொண்டு ஏறி வந்தது. அண்ணன் கிழங்கை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து, உள்ளே கறுத்ததையெல்லாம் ஒருபக்கம் வீசிக்கொண்டிருந்தார். கறுத்த குவியல் வளர்ந்துகொண்டே இருந்தது. அக்கா என் அறைக்கு வந்து, மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்கு ஓரம் அடிக்க வேண்டும் என்றார். மடிக்கணினியைக் கட்டிலுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஊசியை மாற்றும்போது பழைய ஊசி கைதவறி விழுந்துவிட்டது. அக்கா குனிந்து தேடினார். நானும் தேடினேன். பலகைமேல் கிடந்த என் போனை எடுத்தேன்.

“அதா, நிக்குது பாருங்க” என்றார் அக்கா. “ஊசிய ஒங்க போனு திருடி வெச்சிருக்குது.”

போன் உறையின் மூடி விளிம்பில் ஊசி நிமிர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கினேன். விட்டால் மறுபடி போய் ஒட்டியது. போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். எரிந்தது. போனை மெதுவாக இடது மூலைக்குக் கொண்டுபோனேன். கறுத்தது. எடுத்தேன், எரிந்தது. வைத்தேன், கறுத்தது. அக்கா ஓரம் அடித்து முடிக்கும் வரைக்கும் நான் இதையே செய்துகொண்டிருந்தேன். அக்கா ஜாக்கெட்டை உதறி மடித்துக்கொண்டு போனார். அந்த வாரத்தில் என்னை இதைவிட மோசமான நிலைகளிலெல்லாம் பார்த்துவிட்டார்.

மத்தியான பஸ்ஸில் இறங்கினேன். மனைவியிடம் உறையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கவரு நல்லாத்தான இருக்குது” என்றாள். மகள் கணக்கு நோட்டை விரித்தாள்.

நடந்தது இவ்வளவுதான். மடிக்கணினியின் இடது மூலைக்குள், மூடி சாத்தப்பட்டதா என்று அறிய ஓர் உணரி இருக்கிறது. மூடியில் இருக்கும் காந்தம் பக்கத்தில் வந்தால் திரையை அணைத்துவிடும். என் போன் உறையிலும் ஒரு காந்தம் இருந்தது. போனை அந்த மூலையில் வைத்த ஒவ்வொரு முறையும் மடிக்கணினி தன்னை மூடிவிட்டதாக எண்ணிக்கொண்டது. திரையில் எந்தப் பழுதும் இல்லை. சேந்தமங்கலத்து இடத்தை வேறொருவர் எடுத்தது புதன்கிழமை பிற்பகல் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் என் மடிக்கணினி சாமைக்குள் இருந்தது.